ஆஸ்திரேலிய உள்நாட்டுத் தொலைதூரப் பள்ளிக் குழந்தைகளின் முகாமில் தன்னார்வப் பணி: யார் போகலாம், போனவர் என்ன செய்யலாம்?

செம்மண்தடம்:

வணக்கம். குயின்ஸ்லாந்தின் மேற்கே இருக்கும் மாட்டுப் பண்ணைகளிலிருந்து கடற்கரைக்கு வரும் பள்ளிக் குழந்தைகளின் முகாமில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். டவுன்ஸ்வில்லிலும் கேர்ன்ஸிலும் இருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் தாங்களும் வரலாமா என்று கேட்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கே எழுதி, மற்றவர்களின் அனுபவத்தையும் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்தக் குழந்தைகள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணைகளை அங்கே ஸ்டேஷன் என்பார்கள். ஒரு ஸ்டேஷன் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஐம்பது, நூறு கிலோமீட்டர் மண்சாலை இருப்பது அங்கே சாதாரணம். நாள்தோறும் போய்வரும் தூரத்தில் பள்ளி இல்லாததால் வீட்டிலேயே ஓர் அறையை வகுப்பறையாக ஒதுக்கிவிடுகிறார்கள். மவுன்ட் ஐசா, லாங்ரீச், சார்ட்டர்ஸ் டவர்ஸ், சார்லவில் போன்ற ஊர்களில் உள்ள தொலைநிலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் இணையம் வழியாக நாளுக்குச் சிறிது நேரம் பாடம் எடுப்பார்கள். மற்ற நேரமெல்லாம் தாயோ, சம்பளத்துக்கு வந்து அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் கவர்னஸ் பெண்ணோ அருகில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு உடன் படிப்பவர் என்றால் அண்ணன், தங்கை மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் ஒரு செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1951 ஜூன் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், விமானத்தில் மருத்துவரை அனுப்பும் பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி நிலையத்தில் முதல் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' என்ற வானொலிப் பள்ளி முறைப்படி தொடங்கியது. அதற்கு முன்பே அஞ்சல்வழிப் பாடங்கள் இருந்தன. படிக்க வழியே இல்லாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. தென் ஆஸ்திரேலியக் கல்வியாளரான அடிலெய்டு மீத்கே கவனித்தது வேறொன்று: உள்நாட்டுக் குழந்தைகள் புதியவர்களைக் கண்டால் ஒடுங்கிப் போகிறார்கள். மருத்துவரை அழைப்பதற்காக வீட்டில் இருக்கும் வானொலிக் கருவியிலேயே இவர்களும் பேசிக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டதிலிருந்துதான் வானொலிப் பள்ளி பிறந்தது. ஆகவே பாடத்தைப் போலவே துணையும் அந்தப் பள்ளியின் தொடக்க நோக்கமாக இருந்தது. முகாம் அந்த நோக்கத்தின் தொடர்ச்சி என்றே நான் பார்க்கிறேன்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் 'பாவம், கடலையே பார்க்காத பிள்ளைகள்' என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அதனால் மீன் காட்சியகம், படகு, திரையரங்கு, கடைத்தெரு என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் நிரப்பப் பார்க்கிறார்கள். கடல் அவர்களுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் முகாமின் கடைசி நாளில் எது பிடித்தது என்று கேட்டால், இரவு படுக்கைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பேசியதையும், எட்டுப் பேர் சேர்ந்து கிரிக்கெட் ஆடியதையும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும் ஆடிப் பழகிய பிள்ளைக்கு ஓர் அணியில் தன் முறை வரும்வரை காத்திருப்பதே புதிய அனுபவம். ஒரு வருடமாகக் குரலால் மட்டும் தெரிந்த தோழியை முதல்நாள் மாலை முகத்தைப் பார்த்து அடையாளம் காண முடியாமல், அவள் வாய் திறந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட சிறுமியைப் பார்த்தவர்கள், அட்டவணையில் வெற்றிடம் விடுவதற்குத் தயங்க மாட்டார்கள்.

நதிக்கரை:

விரிவான பதிவுக்கு மிக்க நன்றி. பிரிஸ்பேனில் கணினித் துறையில் இருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லை. என்னைப் போன்றவர் அங்கே எந்த வகையில் பயன்படுவார்? என்னென்ன சான்றிதழ் வேண்டும்? என் ஆங்கில உச்சரிப்பு அந்தக் குழந்தைகளுக்குப் புரியுமா என்ற தயக்கமும் இருக்கிறது. இன்னொரு கேள்வியையும் மனம் விட்டுக் கேட்கிறேன்: வானொலிக் காலம் போய், 2015, 2016 ஆண்டுகளில் தொலைதூர வீடுகளுக்கு இணையம் தரும் ஸ்கை மஸ்டர் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டு, குழந்தைகள் திரையில் முகம் பார்த்தே படிக்கும் நிலை வந்துவிட்டதே, இன்னும் முகாம் அவ்வளவு தேவைதானா?

செம்மண்தடம்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். திரையில் நடக்கும் வகுப்பில் ஒரு குழந்தை பேசினால் அத்தனை பேரும் கேட்கிறார்கள். ஆசிரியர் அனுமதித்த பிறகே பேச முடியும். இணைப்பு மெதுவாக இருந்தால் முகத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் காதில் ரகசியம் சொல்வது, ஆசிரியர் திரும்பியிருக்கும்போது இருவர் சேர்ந்து சிரிப்பது, சண்டை போட்டு அரை மணியில் சமாதானம் ஆவது என்று நாம் பள்ளியில் இயல்பாகக் கற்ற எதையும் அந்தத் திரையில் கற்க இயலாது. சண்டையையும் சமாதானத்தையும் நான் மனமாரச் சொல்கிறேன். கோபித்துக்கொண்ட தோழியோடு அன்றிரவு ஒரே அறையில் படுக்க வேண்டியிருக்கும்போது ஒரு குழந்தை தானாகவே வழி கண்டுபிடிக்கிறது. பெரியவர்கள் நடுவில் புகுந்து தீர்த்துவைத்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தொடக்கக் கல்வி முடிந்ததும் இவர்களில் பலர் விடுதிப் பள்ளிக்குப் போகிறார்கள். குயின்ஸ்லாந்தில் 2015 முதல் ஏழாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியோடு சேர்ந்துவிட்டதால், பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே வீட்டை விட்டுப் பிரிகிறார்கள். அதற்கு முன் தாயில்லாமல் தூங்கிய அனுபவம் பலருக்கு முகாமில்தான் கிடைக்கிறது. விடுதியில் முதல் வாரம் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்குமா என்பதும் பெரும்பாலும் முகாமில் அமைந்த நட்பைப் பொறுத்தே இருக்கிறது.

சான்றிதழைப் பொறுத்தவரை, குயின்ஸ்லாந்தில் குழந்தைகளோடு பணிபுரிய, பின்னணிச் சோதனைக்குப் பிறகு தரப்படும் 'ப்ளூ கார்டு' என்ற அட்டை கட்டாயம். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. மூன்று ஆண்டுகள் செல்லும். அட்டை கைக்கு வரும் முன் வேலையைத் தொடங்க முடியாது என்பதால் முகாமுக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வேறு பெயரில் வேறு சோதனை. வடக்கு ஆட்சிப்பகுதியில் 'ஓக்கர் கார்டு'. முதலுதவிப் பயிற்சி இருந்தால் மிகவும் நல்லது. குறிப்பாக ஆஸ்துமாவுக்கும் கடுமையான உணவு ஒவ்வாமைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆசிரியப் பயிற்சி தேவையில்லை. ஆசிரியர்கள் உடன் வருகிறார்கள். பழம் நறுக்க, தட்டுக் கழுவ, ஈரத் துண்டுகளைக் கொடியில் போட, தொலைந்த ஒற்றைச் செருப்பைத் தேட, கடற்கரையில் தலைகளை எண்ண, இரவில் தாழ்வாரத்தில் முறைவைத்து உட்கார ஆள் வேண்டும். இந்தப் பிள்ளைகள் விடியலுக்கு முன்பே எழுந்துவிடுவார்கள். ஸ்டேஷனில் வேலை அப்போதே தொடங்கிவிடும் என்பதால் அது அவர்களின் வழக்கம். காலை ஐந்து மணிக்குப் பசியோடு சமையலறை வாசலில் நிற்பவர்களுக்குப் பழமும் பாலும் எடுத்துவைக்க ஒருவர் விழித்திருந்தால் அதுவே பெரிய உதவி. தெருவிளக்கு வெளிச்சம் சன்னலில் விழுந்தால் சிலருக்குத் தூக்கம் வராது. கெட்டியான திரை போடுங்கள். குழாய்த் தண்ணீர் பிடிக்காமல் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. மழைநீர்த் தொட்டித் தண்ணீரில் வளர்ந்தவர்கள் அல்லவா? அதனால் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும்.

கடலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டவுன்ஸ்வில் பக்கம் நவம்பர் முதல் மே வரை கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன்களின் காலம்; அப்போது வலை கட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. அதனால் இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முகாம் வைப்பதே நல்லது. அணையிலும் குட்டையிலும் நீந்திப் பழகிய பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை என்பதே ஆபத்து. அலையும் நீரோட்டமும் அவர்களுக்குப் புதிது. சிவப்பு, மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளிக்க வேண்டும் என்பதை முதல்நாளே கரையில் நிறுத்தி விளக்க வேண்டும்.

உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். குரலை மட்டும் கேட்டுப் படித்த பிள்ளைகளின் காதுக்கு நல்ல பயிற்சி உண்டு. கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும்.

ஓய்வாசிரியர்:

செம்மண்தடம் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் சில கருத்துகளில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

உள்நாட்டுக் குழந்தைகளைக் கடற்கரைக்குக் கொண்டுவரும் பழக்கம் இந்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டுப் பழையது. ஸ்டான்லி டிரம்மண்ட் என்ற மெதடிஸ்ட் போதகர் 1924-இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கிய பணிதான் இன்று மேன்லியில் இருக்கும் ராயல் ஃபார் வெஸ்ட். குயின்ஸ்லாந்தில் ஆளுநர் லெஸ்லி வில்சனின் முயற்சியால் 1935-இல் புதர்நிலக் குழந்தைகளுக்கான சுகாதாரத் திட்டம் உருவாகி, கடலோரத்தில் தங்கும் இல்லங்கள் கட்டப்பட்டன. அவற்றால் பயன் விளைந்ததை மறுக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் அந்த அமைப்புகளே குழந்தையை அதன் ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சி, மனநலம் முதலிய சேவைகளைக் குழந்தை இருக்கும் ஊருக்கோ திரைவழியாக வீட்டுக்கோ கொண்டுபோகத் தொடங்கின. அந்த மாற்றம் சரியானது என்பது என் கருத்து.

ஒரு வாரம் வந்து அன்பைப் பொழிந்துவிட்டுப் போகும் அந்நியரால் ஒரு குழந்தைக்கு நேரும் நன்மை எவ்வளவு? பணி ஓய்வு பெற்ற பின், வைஸ் என்ற தன்னார்வ அமைப்பின் வழியாக ஸ்டேஷன்களுக்குச் சென்று தங்கிக் கற்பித்திருக்கிறேன். ஒரு முறை போனால் பொதுவாக ஆறு வாரம் அந்தக் குடும்பத்தோடு இருப்போம். காலையில் கணக்கும் வாசிப்பும் நாம் பார்த்துக்கொள்வதால், ஒரே ஆளாக வகுப்பறையையும் சமையலையும் பண்ணைக் கணக்கையும் சுமக்கும் தாய்க்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. மாடு வளைக்கும் பருவத்தில் அந்தத் தாய்மார் படும் பாட்டை நேரில் கண்டவன் என்ற முறையில், நேரமும் உடல்நலமும் உள்ளவர்கள் முகாமுக்குப் பதிலாக ஸ்டேஷனுக்கே போகலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செம்மண்தடம்:

ஐயா, தாய்மார் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. ஆறு வாரம் ஒதுக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அனைவரும் உங்கள் வழியில் போக வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் ஸ்டேஷனுக்கு எவ்வளவு நல்ல ஆசிரியர் போனாலும் அவரால் அங்கே இன்னொரு எட்டு வயதுக் குழந்தையை உருவாக்க முடியாதே. சேவைகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; தோழர்களைக் கொண்டுபோக முடியாது. இந்த ஒன்றுக்காக மட்டும் குழந்தை ஊரைவிட்டு வர வேண்டியிருக்கிறது.

அன்பைப் பொழிந்துவிட்டுப் போவது பற்றிய உங்கள் எச்சரிக்கையை முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் முகாமில் தன்னார்வலர் எந்தக் குழந்தைக்கும் தனிப் பரிசு தருவதில்லை. 'அடுத்த வருடம் கட்டாயம் வருவேன்' என்று வாக்குக் கொடுப்பதில்லை. தம் தொலைபேசி எண்ணையோ சமூக வலைத்தள முகவரியையோ கொடுப்பதில்லை. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனித்திருக்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017-இல் இறுதி அறிக்கை தந்த பிறகு, இந்நாட்டில் இத்தகைய விதிகள் மிகவும் இறுகியுள்ளன. நல்ல எண்ணத்தோடு வருபவர்கள் சிலர் இதனால் மனம் புண்படுகிறார்கள். புண்பட ஒன்றுமில்லை, குழந்தையின் பாதுகாப்பு ஒருவருடைய நல்லெண்ணத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் விதி இருக்கிறது.

பாலைமுல்லை:

நான் மத்திய ஆஸ்திரேலியாவில், பழங்குடிச் சமூகப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். தொலைதூரப் பள்ளிக் குழந்தைகள் என்றாலே ஸ்டேஷன் குழந்தைகள் என்று இந்த இழை போய்க்கொண்டிருப்பதால் சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தோழர் பற்றாக்குறை கிடையாது. சிற்றூர் முழுவதும் அண்ணன், அக்கா, சித்தி, பாட்டி முறை உள்ளவர்களோடுதான் வளர்கிறார்கள். பித்ஜன்ஜாராவோ வேறொரு சொந்த மொழியோ பேசி வளர்ந்து, ஆங்கிலத்தை இரண்டாவது, மூன்றாவது மொழியாகக் கற்கிறார்கள். ஆகவே முகாமின் தேவையும் வேறு, தன்னார்வலர் தெரிந்திருக்க வேண்டியவையும் வேறு.

முதலாவதாக, இந்த மக்களிடமிருந்து அரசும் மதநிறுவனங்களும் குழந்தைகளைப் பறித்துக்கொண்டு போன வரலாறு இருக்கிறது. 1997-இல் விசாரணை அறிக்கை வந்து, 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பறிகொடுத்த குடும்பங்களின் நினைவு அதனால் ஆறிவிடவில்லை. ஒரு பேருந்து வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போவது என்பதை ஒரு பாட்டி எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் எங்கள் பயணங்களில் அந்தச் சமூகத்தின் பெரியவர்கள் கட்டாயம் உடன் வருகிறார்கள். யார் யாரோடு ஒரே அறையில் படுக்கலாம் என்பதை உறவுமுறை அறிந்த அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

இரண்டாவது, காது. தொலைதூரச் சமூகங்களில் நடுச்செவி அழற்சி மிக அதிகம். அதனால் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகள் பலர். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கீழ்ப்படியாதவன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முன்னால் போய் நின்று, முகம் தெரியும்படி பேசுங்கள். அதே சமயம் அந்தப் பிள்ளை உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். கண்ணைத் தாழ்த்திக்கொள்வது அங்கே மரியாதை. பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்திப் பாராட்டுவதுகூட அதைக் கூசிப்போகச் செய்யும். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது பல சமூகங்களில் வழக்கம். அதே பெயருள்ள தன்னார்வலர் அந்த வாரம் வேறு பெயரால் அழைக்கப்பட நேரலாம். அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

செம்மண்தடம்:

மிக்க நன்றி. எங்கள் முகாமிலும் பழங்குடிப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். காது பற்றி நீங்கள் எழுதியதை அடுத்த பயிற்சி வகுப்பில் அனைவருக்கும் வாசித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

பாலைமுல்லை:

தாராளமாக. வாசித்துக் காட்டுவதோடு, உணவுக்கூடத்தின் எதிரொலியைக் குறைக்கவும் ஏதாவது செய்யுங்கள். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருக்கும் கூடத்தில் நாற்பது பிள்ளைகள் பேசும்போது, காது மந்தமான பிள்ளைக்கு ஒரு சொல்லும் பிரியாது. சாப்பாட்டு நேரத்தை இரண்டு பிரிவாக்கினாலே நல்ல மாற்றம் தெரியும்.

நதிக்கரை:

எல்லோருடைய பதில்களையும் பலமுறை படித்துவிட்டேன். ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது ஒன்றுதான்: இரவில் ஒரு குழந்தை வீட்டை நினைத்து அழுதால், அல்லது எனக்குப் பதில் தெரியாத துயரமான விஷயத்தைச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

செம்மண்தடம்:

வீட்டு நினைவில் அழுகை பெரும்பாலும் இரண்டாம் இரவில்தான் வருகிறது. முதல் இரவு புதுமையில் கழிந்துவிடும். அழும் பிள்ளையை உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வைத்தால் அழுகை கூடுவதையே கண்டிருக்கிறேன். இதில் முடிவெடுக்க வேண்டியவர் பொறுப்பாசிரியர் என்பதால் அவரிடம் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது, கதவு திறந்திருக்க, இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க, அருகே உட்கார்ந்து அந்த வீட்டைப் பற்றியே கேட்பது. நாயின் பெயர் என்ன, குதிரை யாருடையது, இந்நேரம் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டால், அழுகையின் நடுவிலேயே பதில் வரத் தொடங்கும். மறந்துவிடச் சொல்லி வேடிக்கை காட்டுவதைவிட இது நல்லது.

துயரமான விஷயங்கள் இரண்டு வகை. 2019 பிப்ரவரியில் வடமேற்குக் குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் மாடுகள் இறந்தன. ஆண்டுக்கணக்கான வறட்சியில் ஏற்கெனவே மெலிந்திருந்த மாடுகள், நாள்கணக்கில் மழையிலும் குளிர்காற்றிலும் நின்று செத்தன. அதன் பிறகு வந்த பிள்ளைகள் சேற்றில் சிக்கிய கன்றுகளைப் பற்றியும், அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனதைப் பற்றியும் சாப்பாட்டு மேசையிலேயே பேசினார்கள். நகரத்திலிருந்து வந்த தன்னார்வலர்கள் பதறிப்போய்ப் பேச்சை மாற்றினார்கள். மாற்ற வேண்டாம். எதிரே இருக்கும் பிள்ளையும் அதையே கண்டு வந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும், நீங்கள் அருகில் இருங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

மற்றொரு வகை, தன்னை யாரோ துன்புறுத்தியதாக ஒரு பிள்ளை சொல்வது. அப்போது துருவிக் கேள்வி கேட்காதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். சொன்னது நல்லது என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதிவைத்து, அன்றே பொறுப்பாளரிடம் கொடுங்கள். குயின்ஸ்லாந்தில் 2021 முதல், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தும் தகுந்த காரணமின்றிக் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது எந்த வயதுவந்தவருக்கும் குற்றம். பொறுப்பாளரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதா என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓய்வாசிரியர்:

'தோழர்களைக் கொண்டுபோக முடியாது' என்ற வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மாரும் கவர்னஸ் பெண்களும் பெரும்பாலும் முகாமிலேயே தங்குகிறார்கள் அல்லவா? அவர்களும் ஆண்டு முழுவதும் தனித்திருப்பவர்கள்தான். தொலைதூரக் குழந்தைகளின் பெற்றோர் சங்கமே 1971-இல் பர்க் என்ற சிற்றூரில், வறட்சியால் நொந்த பெற்றோர்கள் ஒன்றுகூடியதால் உருவானது. அவர்கள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சான்று. உங்கள் தன்னார்வலர்களில் இருவரை மாலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைத்துவிட்டு, அந்தப் பெண்களுக்கு இரண்டு மணி நேரம் தாங்களாக உட்கார்ந்து தேநீர் குடிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

செம்மண்தடம்:

செய்கிறோம் ஐயா. இதுவரை ஒரு மாலை மட்டும் ஒதுக்கியிருந்தோம். இனி ஒவ்வொரு மாலையும் ஒதுக்கும்படி ஏற்பாட்டுக் குழுவிடம் கேட்கிறேன். அதற்கு இரவு முறைக்குக் கூடுதலாக இருவர் தேவைப்படுவார்கள். நதிக்கரை, உங்கள் அட்டை வந்ததும் எழுதுங்கள். அந்த இருவரில் ஒருவராக உங்கள் பெயரைக் கொடுக்கிறேன்.